ஆவணிச் செலவுக்குப் பங்குனியில் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், மாத மளிகைச் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். மளிகைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, தனி உறையில் போட்டு, பன்னிரண்டு மாதமும் அந்தத் தொகையைத் தாண்டாமல் செலவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான், சந்தேகமில்லை. நானும் 2023 தை மாதம் அப்படித்தான் தொடங்கினேன். அதே ஆண்டு ஆவணியில் என் மகளின் கம்மலைச் செங்கோட்டையில் அடகு வைத்துப் பலசரக்குக் கடைப் பற்றை அடைத்தேன். அந்தக் கம்மல்தான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

எங்கள் ஊர் புளியரை. கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். இதைத் தாண்டி மலை வளைவுகளில் ஏறினால் கோட்டைவாசல், அப்புறம் ஆரியங்காவு. வீட்டில் ஐந்து பேர்: என் மாமியார், நாங்கள் இருவர், பாலிடெக்னிக் படிக்கும் மகன், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். வீட்டுக்காரருக்குக் கொட்டாரக்கரைப் பக்கம் கொத்தனார் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை போனால் சனிக்கிழமை இரவு வருவார். கூலி வாரக் கூலி. நான் வீட்டிலிருந்தபடி தையல் தைக்கிறேன். ஒன்றாம் தேதி சம்பளம் என்ற ஒன்று எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. மாத பட்ஜெட் பற்றி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட வீடுகளையும் மனத்தில் வைத்து எழுத வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். எல்லைப்புற ஊர்களில் எங்களைப் போன்ற வீடுகள் ஏராளம்.

2023 தையில் நான் மாதத்துக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், மீன், சோப்பு எல்லாம் அதற்குள். ஒரு நீள நோட்டில் வாங்கிய பொருள், எடை, விலை மூன்றையும் அன்றன்றைக்கு எழுதினேன். எடையையும் எழுதச் சொன்னவன் என் மகன். பொட்டலத்தின் விலை மாறாமலே உள்ளிருக்கும் பொருள் குறைந்துவிடும் காலம் இது. ஒரு லிட்டர் எண்ணெய் என்றால் 910 கிராம் இருக்க வேண்டும்; பார்ப்பதற்கு அதே அளவில் இருக்கும் பையில் 800 கிராமும் வருகிறது, 750 கிராமும் வருகிறது. எடையை எழுதாமல் விலையை மட்டும் எழுதினால் சென்ற ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிடவே முடியாது.

நோட்டைத் தமிழ் மாதத்தில் எழுதியது என் மாமியாருக்காக. அவருக்கு ஆங்கில மாதக் கணக்கு பிடிபடாது. பிறகு பார்த்தால், அதுதான் என் கண்ணைத் திறந்தது. அந்த ஆண்டு மாசியில் 7,050 ரூபாய், பங்குனியில் 6,850, சித்திரையில் 7,300 செலவாகியிருந்தது. ஆவணியில் 10,240. தீபாவளி வந்த ஐப்பசியில் 9,060, கார்த்திகையில் 9,100. தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் 98,400. நான் நினைத்திருந்தது 96,000. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து நான் தவறியது வெறும் 2,400 ரூபாய்! மாதத்துக்கு 200 ரூபாய். இந்த 200 ரூபாய் வித்தியாசத்துக்காகவா கம்மல் அடகுக்குப் போனது என்று அன்று இரவு வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இல்லை. மாசியிலிருந்து ஆனி வரை 8,000 ரூபாய்க்குக் கீழே நின்ற ஐந்து மாதங்களில் எனக்கு 3,300 ரூபாய் மிச்சமாகியிருக்கிறது. அந்தப் பணம் எங்கே? நோட்டில் இல்லை, பெட்டியிலும் இல்லை. மாதக் கடைசியில் உறையில் 900 ரூபாய் இருந்தால், 'இந்த மாதம் ஜெயித்துவிட்டோம்' என்ற மகிழ்ச்சியில் ஒரு மொய்க்கோ ஒரு ஜோடிச் செருப்புக்கோ அது போய்விடும். அடுத்த மாதம் புது உறை, புதுக் கணக்கு. ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பூட்டிவைக்கும் இந்த முறையில், மலிவான மாதம் விலை கூடிய மாதத்துக்குக் கை கொடுக்கவே வழியில்லை.

ஆவணியில் என்ன நடக்கிறது என்பதைச் சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ஆவணிதான் மலையாளத்தில் சிங்ஙம். ஓணம் வரும் மாதம். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் அவியல், எரிசேரி, ஓலன், காளன், தோரன், கிச்சடி என்று இலை நிறைய வேண்டும். அந்த இலைக்கு வேண்டிய சேனை, வெள்ளரி, தடியங்காய், புடலை, முருங்கை, பயறு, வெண்டை, பச்சை மிளகாய் எல்லாவற்றிலும் பெரும்பங்கு எங்கள் பக்கத்திலிருந்து போகிறது. பாவூர்சத்திரம் சந்தையிலும் சுரண்டைச் சந்தையிலும் ஏலம் எடுத்த காய் லாரி லாரியாக எங்கள் வீட்டைத் தாண்டித்தான் மலையேறுகிறது. இரவு முழுவதும் வளைவில் லாரி இரையும் சத்தத்தை வைத்தே அத்தம் பிறந்துவிட்டது என்று என் மாமியார் சொல்லிவிடுவார். 2023 ஆடிக் கடைசியில் கிலோ 28 ரூபாய்க்கு நான் வாங்கிய வெண்டைக்காய், அத்தம் பிறந்த வாரத்தில் 50. திருவோணத்துக்கு முதல் நாளான உத்திராடத்துக்கு முந்திய நாள் 70. அங்கே கடைசி நேரத்தில் சாமான் வாங்க ஓடுவதை உத்திராடப் பாய்ச்சல் என்பார்கள். அந்தப் பாய்ச்சலின் காற்று மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் சட்டியிலும் அடிக்கும்.

ஓணம் நட்சத்திரத்தைப் பார்த்து வருவது. 2023இல் திருவோணம் ஆகஸ்ட் 29. 2024இல் செப்டம்பர் 15. 2025இல் செப்டம்பர் 5. ஆங்கில மாதத்தில் நோட்டு எழுதுகிறவர் ஒரு வருடம் ஆகஸ்ட்டைக் குறை சொல்வார், அடுத்த வருடம் செப்டம்பரைக் குறை சொல்வார், எதற்கும் தயாராக மாட்டார். தமிழ் மாதத்தில் எழுதினால் மூன்று வருடமும் மேடு ஒரே இடத்தில், ஆவணியில் நிற்கிறது.

விலை மட்டும் ஏறினால் பரவாயில்லை. அதே காலத்தில்தான் எங்களுக்கு வரவும் இறங்குகிறது. வைகாசி பாதியில் கேரளத்தில் மழை தொடங்கிவிடும். இடவப்பாதி என்று அங்கே அதற்குப் பெயர். ஆனியிலும் ஆடியிலும் வாரத்துக்கு மூன்று நாள் கட்டட வேலை கிடைத்தால் பெரிது. அதன் பிறகு வானம் தெளிந்து வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் ஓண விடுமுறை வந்துவிடும். வீட்டுக்காரர் ஒரு வாரம், சில ஆண்டுகளில் பத்து நாள், வீட்டில் இருப்பார். கூலி இல்லாத வாரமும் காய் விலை உச்சத்தில் இருக்கும் வாரமும் ஒன்றே. மாசி முதல் வைகாசி பாதி வரை இதற்கு நேர்மாறு: வெயிலில் வேலை தொடர்ச்சியாக உண்டு, சந்தையில் காயும் மலிவு. இந்த இரண்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான், நான் சிக்கனம் இல்லாதவள் என்று இத்தனை ஆண்டுகள் என்னையே திட்டிக்கொண்டது தவறு என்று புரிந்தது.

காய் விலை ஏறக்கூடாது என்று நான் கேட்கவில்லை. தயவுசெய்து என் கடிதத்தை அப்படிச் சுருக்கிவிட வேண்டாம். என் உடன்பிறந்த தம்பி சுரண்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் வெண்டையும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) தக்காளியும் போடுகிறான். பங்குனியில் தக்காளிக்குப் பறிகூலிகூடத் தேறாமல் மாட்டுக்குக் கொட்டிய ஆண்டு உண்டு. அவன் கடன் அடைக்கும் மாதம் ஆவணிதான். அக்காள் வீட்டில் ஏறும் விலை தம்பி வீட்டில் வரவு. எனக்கு வேண்டியது விலை ஏறும் காலம் முன்கூட்டியே தெரிவது, அதற்குள் நான் தயாராகிக்கொள்வது, அவ்வளவுதான்.

என் மாமியாருக்கு எழுபத்தொன்பது வயது. ஆரியங்காவில் பிறந்தவர். இந்தப் பகுதியே திருவிதாங்கூரில் இருந்த காலம் அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மேற்கே இருந்த காட்டுப் பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் அவருடைய பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு இன்னொரு மாநிலத்திலும் ஆகிவிட்டன. நான் நோட்டை வைத்துக்கொண்டு கலங்கியிருந்த நாளில் அவர் கேட்டார்: "மாதத்துக்கு மாதம் கணக்குப் பார்க்க நெல் என்ன மாதாமாதமா விளைகிறது மக்களே? எங்களுக்கெல்லாம் பூவுக்குப் பூதான் கணக்கு." எங்கள் பக்கம் ஒரு போகத்தை ஒரு பூ என்போம். கார் ஒரு பூ, பிசானம் ஒரு பூ. பிசானம் அறுத்ததும் புளி, வற்றல் மிளகாய், மல்லி, பருப்பு வகைகள் எல்லாம் வாங்கி, வெயிலில் காயவைத்துப் பானையில் போட்டுவிடுவார்களாம். மழைக்காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியது உப்பும் மீனும் மட்டுமே. அத்தை சொன்ன இந்த வழியைக் கூலி வீட்டுக்குத் தோதாக மாற்றிக்கொண்டேன். மாற்ற இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

2024இல் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும். மலிவு மாதங்களின் மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். வைகாசி முடிவதற்குள் டப்பா காலி. வீட்டிலிருக்கும் ரொக்கத்துக்கு எப்போதும் ஒரு அவசரம் வந்துவிடும். மகனின் பரீட்சைக் கட்டணம், அத்தையின் கண் மருந்து. ஒன்றும் வீண்செலவு இல்லை, ஆனாலும் ஆவணிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

2025இல் ரொக்கமாக வைக்கவே இல்லை. பொருளாக மாற்றினேன். பங்குனி என்பது இந்த வட்டாரத்தில் புதுப்புளி வரும் மாதம்; புது வற்றல் மிளகாயும் சந்தைக்கு வந்திருக்கும். தையிலிருந்து வரவாகியிருந்த உளுந்தும் துவரையும் நல்ல விலையில் கிடைக்கும். கொட்டை எடுத்த புளி 8 கிலோ, வற்றல் மிளகாய் 6 கிலோ, மல்லி 5 கிலோ, துவரம் பருப்பு 12 கிலோ, உளுந்து 12 கிலோ வாங்கினேன். சுமார் 5,700 ரூபாய் ஆனது. மாசி மாத மிச்சமும், 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக வந்த மகளிர் உரிமைத் தொகையில் நான் தொடாமல் வைத்திருந்ததும் இதற்குப் போயின. மொட்டை மாடியில் பழைய சேலை விரித்து மூன்று நாள் காயவைத்தோம். புளியில் கல்லுப்பு தூவி உருட்டி மண் பானையில் அடுக்கினார் அத்தை. துவரையை நல்ல வெயிலில் போட்டு, ஆறிய பிறகே டின்னில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து வண்டு வைக்கும். இது நான் ஒரு கிலோ பருப்பைக் கொட்டிக் கற்றுக்கொண்டது.

காய்கறிக்கும் இதே வழிதான். பங்குனி, சித்திரையில் சீனியவரை, கத்தரிக்காய், மிதுக்கங்காய், சுண்டைக்காய், மாங்காய் எல்லாவற்றையும் வற்றல் போட்டுவிட்டேன். அத்தம் பிறந்தால் உள்ளியும் பச்சை மிளகாயும் தவிரச் சந்தைக் காய் வாங்குவதில்லை. வற்றல் குழம்பு, கானத் (கொள்ளு) துவையல், கொல்லையில் இருக்கும் முருங்கைக் கீரை, பப்பாளிக்காய்க் கூட்டு, வாழைத்தண்டு. மகளுக்கு நான்காம் நாளே சலிப்புத் தட்டியது உண்மை. ஆனாலும் திருவோணத்தன்று எங்கள் வீட்டில் அவியல் உண்டு, பருப்பு உண்டு, ஒரு பாயசம் உண்டு. ஆரியங்காவில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு நாள் இலையைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் எந்தக் கணக்கும் எனக்கு வேண்டாம். அந்தச் செலவை நோட்டில் மாசியிலேயே எழுதி ஒதுக்கிவிட்டேன்: 620 ரூபாய்.

சித்திரை, வைகாசி மாத மிச்சத்தைத் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டேன். எடுக்க வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும், படிவம் எழுத வேண்டும். அந்தச் சிரமமே காவல்.

2025 கணக்கு இது: பங்குனியில் 11,850 ரூபாய். ஆவணியில் 8,640. ஆண்டு மொத்தம் 99,050. அந்த ஆண்டு தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியதை எல்லாரும் அறிவார்கள். தேங்காய் எண்ணெய் இல்லாமல் சமைக்கத் தெரியாத வீடு எங்களுடையது. அப்படியிருந்தும் 2023ஐவிட 650 ரூபாய்தான் கூடியிருக்கிறது. ஒரு மாதம்கூடக் கடையில் பற்று இல்லை. உறை முறைப்படி பார்த்தால் பங்குனியில் நான் படுதோல்வி அடைந்தவள். அந்தப் பங்குனிச் செலவுதான் ஆவணியில் எங்களைக் காப்பாற்றியது.

ரேஷன் கடையைப் பற்றி இரண்டு வரி. விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், கிலோ 25 ரூபாய்க்குச் சீனி. இதை வாங்காமல் விட்டுவிட்டுக் கடையில் பற்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது. ரேஷன் அரிசி இட்லிக்கும் தோசைக்கும் அருமையாக இருக்கும். ஊறவைக்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.

இனி என் முக்கிய வேண்டுகோளுக்கு வருகிறேன். உங்கள் நாளிதழ் தினமும் கோயம்பேடு காய்கறி விலையை அச்சிடுகிறது. புளியரையில் இருக்கும் எனக்குக் கோயம்பேடு விலையால் என்ன பயன்? மாவட்டப் பக்கத்தில் வாரம் இரண்டு நாளாவது பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தை விலைகளையும் தென்காசி உழவர் சந்தையின் சில்லறை விலையையும் போடுங்கள். மூட்டைக் கணக்கில் வேண்டாம், கிலோக் கணக்கில் போடுங்கள். கத்தரி, வெண்டை, தக்காளி, சின்ன உள்ளி, பல்லாரி, முருங்கை, பச்சை மிளகாய், வாழைக்காய், தேங்காய், புளி என்று பத்துப் பொருள் போதும். பக்கத்திலேயே சென்ற ஆண்டு அதே வாரத்தின் விலையும் இருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் நோட்டு எழுத வேண்டிய பாதி வேலை குறையும். எங்கள் ஊர்க் கடையில் அன்று சொல்லும் விலை நியாயமானதா என்று கேட்க இப்போது எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கட்டணம் கிடையாது. தென்காசியில் விலை குறைவு என்று காலையில் பேப்பரில் பார்த்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட எங்களால் முடியும். தெரியாமல் போய்விட்டு, இங்கும் அங்கும் ஒரே விலை என்று அரை நாள் தையல் வேலையை இழந்து திரும்பியிருக்கிறேன்.

விவசாயிகளுக்கும் இதனால் நன்மை உண்டு. என் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏலத்தில் தன் காய் என்ன விலைக்குப் போனது என்பதும் கடையில் அது என்ன விலைக்கு விற்கிறது என்பதும் ஒரே இடத்தில் அச்சில் வந்தால் தனக்கும் பேசுவதற்கு வாய் கிடைக்கும் என்றான்.

இன்னொன்று. உங்கள் இணைப்பில் அடுத்த முறை வீட்டுச் செலவு பற்றி எழுதும்போது, வாரக் கூலியில் நடக்கும் ஒரு வீட்டுக் கணக்கையும், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு கடற்கரை வீட்டுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அவர்களுக்கும் எங்களைப் போலவே வரவு வற்றும் மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களை எப்படித் தாண்டுகிறார்கள் என்று படிக்க எனக்கு ஆசை.

இப்போது பங்குனி. இந்த ஆண்டுப் புளி நேற்றுத்தான் வந்தது, மாடியில் காய்கிறது. இந்த 2026ஆம் ஆண்டுத் திருவோணம் ஆகஸ்ட் 26. விலைப்பட்டியலை ஆடிப் பிறப்பிலிருந்தாவது போடத் தொடங்கினீர்கள் என்றால், அத்தம் பிறக்கும் முன்னால் எங்களுக்கு முழுதாக ஒரு மாதம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
புளியரை, செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.